படத்தின் வலது மூலை

காலை ஏழு மணிக்கு மகள் அப்பாவின் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டர்பன்டைனில் நனைத்த துணியில் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. விரல்கள் விறைத்திருந்தன. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தாள்.

நேற்று மதியம் சித்தப்பா சாப்பாடு கொண்டுவந்து எழுப்பியபோதுதான் அப்பா போய்விட்டது தெரிந்தது. அவள் இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பாறைக்கரை. வருடாவருடம் கடல் அதைத் தின்றது. வருடாவருடம் அப்பா அதை வரைந்தார். விழுந்ததை வரைய மாட்டார். வரைந்துகொண்டிருக்கும்போதே ஒரு துண்டு சரிந்தால், படத்திலும் அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் கடலை வைப்பார். தோட்டம் போய், வேலி போய், இப்போது கடல் சமையலறைக்கு அடியில் சத்தம் போட்டது.

என்கூட வந்துடுங்கப்பா என்று அவள் கேட்காத மாதம் இல்லை. இந்தப் படம் முடியட்டும் என்பார். கரை சரிந்துகொண்டே இருந்தது; படம் முடியவில்லை. தன் வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் அறையை அவருக்கென்று ஒழித்து வைத்திருந்தாள். கணவர் அதில் சைக்கிளை நிறுத்தியபோது ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்தப்பா தச்சர். வாசலில் நின்று அண்ணனைப் பார்த்தார்.

"கடல் வீட்டை எடுக்கறதுக்குள்ள இவர் முந்திக்கிட்டாரு. எதுலயும் விட்டுக்குடுக்க மாட்டாரு."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போன வாரமே படம் முடிந்துவிட்டது என்றார் சித்தப்பா. கையெழுத்தும் போட்டாயிற்று, மகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி அடித்துக் கொடு என்று அண்ணன் சொன்னாராம். பலகைகூட அறுத்து வைத்திருந்தார்.

"உனக்குச் சொல்லலியா?"

இன்னும் பாக்கி இருக்கு என்றுதான் முந்தாநாள் போனில் அப்பா அவளிடம் சொன்னார்.

அவள் எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றாள். படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே பாறை ஒரு சாண்கூடக் குறையவில்லை. அப்பா எப்போதும் கையெழுத்துப் போடும் வலது மூலையில் மட்டும், படத்தில் நாலு விரல் அகலத்துக்குச் சுரண்டியிருந்தது. அதன்மேல் புதிதாக அலை ஒன்று. பூச்சு இன்னும் காயவில்லை.

சித்தப்பா டேப்பை இழுத்துச் சட்டத்தின்மேல் வைத்தார்.

"முடிஞ்ச படம்தானேம்மா? பெட்டி அடிச்சுடவா?"