குரல் கொடுக்காத ஆட்டம்

கொல்மான் எழுந்து அடுப்புச் சாம்பலை வாரினான். நாயை வெளியே விட்டான். ஒரு கோப்பை தேநீர் போட்டான். குடிக்க மறந்து, கொட்டிக் கழுவி வைத்தான்.

பக்கத்து வீட்டு பார்பிரே கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவள் அவனுடைய மனைவி சோரகாவுக்குச் சித்தி மகள். சோரகா இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே ஆடினார்கள்.

"மூஞ்சியப் பாரு, உப்புல போட்ட மீனு மாதிரி. ஷேவ் பண்ணக்கூடவா முடியல?"

"பண்றேன்."

"ஞாயித்துக்கிழமை மன்றத்துல அவ நினைவா ஆடறோம். நீ எடுத்த பதிவக் குடு. அவ காலுச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் நாங்க தொடங்கணும்."

ஆட்டத்துக்கான ஐரிஷ் சொற்களைக் கல்லூரிக்காகத் திரட்டியபோது எடுத்த பதிவு அது. கொடுத்தால் ஊரே கேட்கும். அதில் எது இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அப்புறம் தர்றேன்."

"அப்புறம் என்ன அப்புறம்? இப்பவே போடு."

போட்டான்.

"இதுக்குப் பேரு டிமால்," என்றது சோரகாவின் குரல். "தரைய விட்டுக் கால் எழும்பவே கூடாது. நெருக்கி நெருக்கித் தட்டணும்."

ஆடுவதற்கென்று கழற்றித் தரையில் போட்ட பழைய கதவின்மேல் அவள் கால்கள் தட்டின. நடுவில் ஒரு கணம் தயங்கின. மறுபடி, முன்னைவிட ஓங்கித் தட்டின. ஓய்ந்தன. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அவன் குரல்: "பேர இன்னொரு தடவ தெளிவாச் சொல்லு."

அந்தக் கடற்கரை ஊர்களில் யார் ஆடினாலும் பார்க்கிறவர் "மோ கியோல் ஹூ!" என்று கத்துவார். நீதான் என் இசை என்று பொருள். படுக்கையில் கிடக்கும் கிழவர்கூடக் கத்துவார்.

"ஏம்ப்பா, நீ குரலே குடுக்கலையா?"

"பதிவு கெட்டுடும்னு பாத்தேன்."

"கெடல. சுத்தமா இருக்கு, கழுவி வெச்ச பொணமாட்டம்." சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்த எடத்துல நிக்கறா பாரு. உனக்காகத்தான் நிக்கறா."

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

கருவியை அவள் பக்கம் நகர்த்தினான். "எடுத்துட்டுப் போ. ஊரு கேக்கட்டும்."

பார்பிரே அதைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரிலயாவது அந்த வார்த்தையச் சொன்னியா அவகிட்ட?"

"சொல்லத்தான் குனிஞ்சேன். அதுக்குள்ள ஒண்ணு கேட்டா. எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"என்ன கேட்டா?"

சோரகா சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"கால் குளிருது. வண்டியிலேருந்து சாக்ஸ எடுத்துட்டு வா."