ஆம்ப்ரோஸ் மகன் கழற்றாத தொப்பி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரசியல் கருத்துகளும் அன்றாடப் பழக்கங்களும் மேற்குலக வரலாற்றை எப்படி மாற்றின என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். ‘அதற்கென்ன, ஜமாய்த்துவிடலாம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதில் வரலாறு வரவில்லை. ஒரு தொப்பிதான் வந்தது.

முதல் தொடக்கம்: ‘பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமத்துவம் என்னும் கருத்தாக்கமானது, நிலவுடைமைச் சமூகத்தின்...’

(எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.)

2

யார்க்‌ஷயரில் ஒரு சந்தை ஊர். ராஜாவின் தலையை வெட்டிவிட்டு, பிறகு மனம் மாறி அவர் மகனையே கூப்பிட்டு முடிசூட்டியிருந்த சமயம். ஆண்கள் சாப்பிடும்போதுகூடத் தொப்பியோடுதான் இருப்பார்கள். பெரியவர்கள் முன்னால் மட்டும் கழற்ற வேண்டும். கம்பளி வியாபாரி ஆம்ப்ரோஸின் மகன் ஜோசையா குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு சேர்ந்துவிட்டான். மனிதர் எல்லாரும் சமம், தொப்பி இறங்குவது கடவுளுக்கு மட்டும், உயிரே போனாலும் பொய் சொல்வதில்லை என்பவர்கள் அவர்கள்.

ராஜா தலையையே வெட்டிய நாட்டில் தொப்பிக்கா இவ்வளவு கூத்து என்று கேட்காதீர்கள். வெட்டியவர்களும் வீட்டில் அப்பாக்கள்தான்.

“டேய், மாஜிஸ்திரேட்டு முன்னாடி கழட்டாம ஜெயிலுக்குப் போன, சரி. என் சாப்பாட்டு மேசையிலயுமாடா?”

“உங்க மேல மரியாதை இருக்குப்பா. அது தொப்பியில இல்ல.”

“பின்ன எங்க இருக்கு, கால்சட்டையிலயா?”

ஆம்ப்ரோஸ் தொப்பியைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தார். மறுநாள் மகன் வேறொன்றை மாட்டிக்கொண்டு வந்தான். அதுவும் அடுப்புக்குப் போனது.

“தொப்பி கருகுற நாத்தத்துல ஆட்டுக்கறி தொண்டையில எறங்க மாட்டேங்குது. ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்குங்க!” என்றாள் அம்மா டார்கஸ்.

“கழட்டினா என் மகன். கழட்டாட்டி நீ யாரோ” என்றார் ஆம்ப்ரோஸ். ஜோசையா வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

[குறிப்பு: இவனைக் கொஞ்சம் இளக்கிப் பார்க்கலாமென்று பலமுறை திருத்தினேன். அசைந்து கொடுக்கவில்லை. எழுதுகிறவனுக்கும் தொப்பி கழற்றமாட்டான் போலிருக்கிறது.]

3

ஆம்ப்ரோஸுக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. டார்கஸ் ஆள் அனுப்பினாள். ஜோசையா தொப்பியோடு வந்து நின்றான். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அப்படியே கண்ணயர்ந்தார். மூச்சு திணறித் திணறி வந்தது. ஜோசையாவுக்குத் தாங்கவில்லை. மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, கடவுளிடம் மன்றாடினான்.

அப்போது ஆம்ப்ரோஸ் கண் விழித்தார்.

“கழட்டிட்டியாடா?” அவர் முகம் குழந்தை முகமாகிவிட்டது. “எனக்காகத்தானே?”

டார்கஸ் மகன் காதருகே குனிந்தாள். “ஆமான்னு சொல்லிடுடா, என் ராசா.”

4

‘ஆமாப்பா’ என்று எழுதினேன். பொய். சிறையில் கிடந்ததெல்லாம் வீண். கோடு போட்டு அடித்தேன்.

‘இல்லப்பா, கடவுளுக்காக’ என்று எழுதினேன். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அதையும் அடித்தேன்.

பதில் வருமுன் கிழவர் உயிர் பிரிந்தது என்று முடிக்கலாம். பதில் தெரியாதபோது ஆளைச் சாகடிப்பது எங்கள் தொழிலில் பழைய தில்லுமுல்லு. அதைச் செய்ய எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஆம்ப்ரோஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் கை மகனின் வெறுந்தலையைத் தேடி எழும்புகிறது. ஜோசையா வாயைத் திறந்துவிட்டான். எனக்குச் சொல் வரவில்லை. நீங்களாவது சொல்லிக் கொடுங்கள், சீக்கிரம்.