அவிழாத ‘லா’

1.
இந்தக் கதை ஒரு கட்டைவிரலில் தொடங்கியது. நியூ மெக்சிகோவில் நான் வேலி போட்ட மாட்டுப்பண்ணையில் ஒருத்திக்கு வலது கட்டைவிரல் இல்லை. கூடப் புருஷனும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு எலோய்சா என்று பெயர் வைத்து, ஹார்லன் என்றொரு டெக்சாஸ்காரனைக் கட்டிவைத்தேன்.

‘செம்மண் மேட்டில் சூரியன்...’

இப்படித் தொடங்கி, விட்டுவிட்டேன். மாடு பிடிப்பவர்கள் சூரியனைப் பார்ப்பதில்லை.

2.
மாட்டின்மேல் சுருக்குப் போட்டு வீசும் கயிறும், குதிரையை மேயக் கட்டும் கயிறும் இங்கிலீஷில் லாரியட். எலோய்சாவின் ஸ்பானிஷில் ‘லா ரியாட்டா’. ரியாட்டா என்றால் கயிறு. ‘லா’ முன்னால் வரும் ஒட்டுச்சொல், சுலபமாய்க் கழன்றுவிடும். இங்கிலீஷ்காரர்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். இன்றுவரை அவிழவில்லை.

கயிற்றிலும் அப்படித்தான். எலோய்சாவின் ஆட்கள் மாடு மாட்டியதும் மறுமுனையைச் சேணத்தின் முன்குமிழில் சுற்றுவார்கள், ஆபத்தென்றால் விட்டுவிடலாம். ஹார்லனின் ஆட்கள் முன்னாலேயே குமிழில் கட்டிவிடுவார்கள்.

“விட்டுட்டு ஓடத்தான்டி உங்காளுங்க சுத்துறாங்க.”

“யோவ், உங்காளுங்க செத்தாலும் விடமாட்டாங்க.”

சுற்றும்போது கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவில் சிக்கித்தான் எலோய்சாவின் விரல் போனது. அப்புறம் அவளுக்குச் சுற்ற வரவில்லை. ஹார்லன் அவள் கயிற்றையும் கட்டிக்கொடுத்தான். (அன்பாகத்தான் கட்டினான். அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை மிச்சம், செய்யமாட்டேன்.)

3.
ஒருநாள் ஒரு காளையின் கொம்பில் அவள் சுருக்கு விழுந்தது. ஹார்லன் தன் குதிரையிலிருந்து இறங்கிக் காளையிடம் நடந்தான். காளை அவனைச் சுற்றி ஓடியது. தொய்ந்த கயிறு அவன் இடுப்பில் வளையமாகி இறுகியது. ஒரு முனையில் காளை, மறுமுனையில் அவள் குதிரை.

“விடுடி. கயித்த விட்டுத் தொலை.”

கட்டியவனே மறந்துவிட்டான்.

முடிச்சு கல்லாகியிருந்தது. அவள் நாலு விரலால் பிராண்டினாள். கத்தி அவன் இடுப்பில், கயிற்றுக்கு அடியில்.

4.
முதல் முடிவு: அவள் குதிரையை முன்னால் விரட்ட, கயிறு தொய்ந்து, அவன்...

குதிரை வரவில்லை. மாடு மாட்டினால் பின்னாலேயே இழு என்று பழக்கியதும் ஹார்லன்தான்.

இன்னொன்று: சேணத்தைக் குதிரையோடு பிடித்திருக்கும் வயிற்றுவாரை அவிழ்ப்பது. இறங்க நேரமில்லை. உட்கார்ந்தபடியே அவிழ்த்தால் கயிறு தொய்யும், அவன் பிழைக்கலாம். சேணத்தோடு அவள் காளையின் காலடிக்குப் போவாள்.

அவள் கை வாரின்மேல் இருக்கிறது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். அந்தப் பண்ணையில் நான் பார்த்தபோது அவள் உயிரோடிருந்தாள் என்பதை, முடிந்தால், மறந்துவிடுங்கள்.

மறுமுனையை உங்கள் கையில் தருகிறேன். கட்டித் தரவில்லை. சுற்றுங்கள், அல்லது விடுங்கள். உங்களுக்குக் கட்டைவிரல் இருக்கிறது.