சொன்னதைத் திருப்பிச் சொல்லு

டாக்டர் பேசி முடித்ததும் அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை மகளுக்கு நன்றாகத் தெரியும். அதே ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். இப்படி ஆட்டுகிறவர்களுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த சூட்டிலேயே அவளுக்குப் புரிந்துபோன சங்கதி. மெட்டாஸ்டேஸிஸ், பாலியேட்டிவ் என்று டாக்டர் அள்ளி வீசியதையெல்லாம், காலமெல்லாம் தையல் கம்பெனியில் பிசிறு வெட்டியவள் பவ்யமாக வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க சார்."

வராந்தாவில் டாக்டர் மகளிடம் குரலைத் தாழ்த்தினார். "மருந்து இன்னொரு சுற்று ஏத்தலாம். நாள் பெரிசா கூடாது, அவஸ்தைதான் கூடும். வேணாம்னா வலிக்கு மட்டும் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம். அவங்கதான் சொல்லணும். உங்க பாஷைல நீயே புரிய வை. ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வர்றேன்."

உங்க பாஷை! வீட்டிலேயே முதல் பட்டதாரி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். இங்கே என்னவென்றால் இவள் பாஷை இன்னும் வேறாம்.

உள்ளே அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் அளந்துகொண்டிருந்தாள். "டாக்டருக்கே சந்தேகம்னா எம் பொண்ணத்தான் கேப்பாரு."

"அப்ப எனக்கும் வலிக்காத ஊசியாப் பார்த்துப் போடச் சொல்லுக்கா."

மகள் திரையை இழுத்து மூடினாள். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"நீதான் கூடவே நின்னியே."

"நீ சொல்லு."

"ஈரல்ல ஏதோ கோளாறாம். மருந்து ஏத்துனா சரியாயிடும். அடுத்த மாசம் கம்பெனிக்குப் போயிடலாம்ல?"

சின்னச் சின்ன வார்த்தையில் சொல். பிறகு நோயாளியையே அவர் வாயால் திருப்பிச் சொல்ல வை. சரியாகச் சொல்லும்வரை விடாதே. வகுப்பில் படித்தது இது. கட்டு மாற்றுவதற்கும் சர்க்கரை மாத்திரைக்கும் எத்தனையோ பேரிடம் செய்திருக்கிறாள்.

"இல்லம்மா. மார்ல இருந்த கட்டி ஈரலுக்குப் பரவிடுச்சு. மருந்து ஏத்துனாலும் இனி குணமாகாது." குரல் கொஞ்சமும் உடையவில்லை. வேலைக் குரல். அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மா தலையாட்டினாள்.

"ஆட்டாத. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"பரவிடுச்சு. குணமாகக் கொஞ்சம் நாளாகும்."

"இல்ல. இன்னொரு தடவை."

"ஏன்டி இப்படிப் போட்டுப் படுத்துற? இது என்ன பள்ளிக்கூடமா?"

"என்ன ஏதுன்னு தெரியாம நீ கையை நீட்டக் கூடாதும்மா. சொல்லு."

அம்மா போர்வை ஓரத்தைத் திருகினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "எனக்கு இனி குணமாகாது. மருந்து ஏத்துனாலும் செத்துப்போயிடுவேன்." பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "சரியாச் சொல்லிட்டேனா பாப்பா?"

சரியாகச் சொன்னால் பாராட்ட வேண்டும். அதுவும் பாடத்தில் உண்டு.

"சரிம்மா." போர்வையை இழுத்து நேராக்கினாள். "இப்ப சொல்லு. மருந்து ஏத்தணுமா, வீட்டுக்குப் போலாமா?"

"எனக்கென்ன தெரியும்? படிச்சவ நீ."

டாக்டர் திரையை விலக்கினார். "என்னம்மா, பொண்ணு புரியிற மாதிரி சொன்னாளா? மருந்து ஏத்திடலாமா?"

அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். "நல்லா வெளக்கமா சொல்லிச்சுங்க. நீங்க பார்த்து என்ன செஞ்சாலும் சரிங்க."

"சார், அவங்க இன்னும் எதுவும் முடிவு..."

"பெரியவரு பேசறப்ப குறுக்கப் பேசாதடி!" அம்மா டாக்டரைப் பார்த்து அசடு வழியச் சிரித்தாள். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேங்க."

அவரும் சிரித்தார். "அப்ப நீயே ஊசியைப் போட்டுடும்மா. அடுத்தவங்க கைன்னா பயப்படுவாங்க." போய்விட்டார்.

வேறு நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த நர்ஸுக்கு இது இன்னொரு கை, அவ்வளவுதான். மகளே அம்மாவின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், ஒரு நரம்பும் சிக்கவில்லை. முதல் குத்து வழுக்கியது. இரண்டாவது குத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டி வீங்கியது.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.