அரை மில்லி

ஸ்டுடியோக்காரருக்குக் கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், ஜெராக்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்குள் மரத்தாலான ஒரு பெரிய கேமராவை அவர் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வாய் இன்னும் ஒரு முழம் நீண்டுவிட்டது. நடுவில் துருத்தி, பின்னால் தேய்த்த கண்ணாடி, தலையில் போட்டுக்கொள்ளக் கறுப்புத் துணி, நாலுக்கு ஐந்து அங்குலத்தில் படத்துக்கு ஒரு ஷீட் ஃபிலிம். கடைக்கு வந்தவர்கள் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போக முடியாது. அந்தக் கேமராவின் அருமை பெருமையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரே குறை, அதற்கு லென்ஸ் கிடையாது. அந்த அளவுக் கேமராவுக்கென்றே செய்த லென்ஸ் இவருக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அலமாரியில் பழைய ரோல் ஃபிலிம் கேமரா ஒன்று கிடந்தது. சதுரமாகப் படம் எடுக்கும் நடுத்தர அளவு. ஃபிலிம் சுற்றும் பல்சக்கரம் உடைந்து அதன் ஆயுசு முடிந்துவிட்டாலும், லென்ஸும் அதற்குள்ளேயே இருந்த ஷட்டரும் குத்துக்கல் மாதிரி இருந்தன. அந்த லென்ஸைக் கழற்றி இந்தக் கேமராவில் மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. மாட்டுவதற்கு ஒரு வளையம் வேண்டும். வளையத்துக்கு மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷமாக லேத் ஓட்டுகிறவர். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மைக்ரான்' என்பார்கள், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முடியைப் பத்தாகப் பிளந்து அதில் ஒன்று கூடினாலும் அந்தப் பாகம் அவர் தட்டில் விழாது. வீட்டில் அலமாரிக் கதவு ஒரு நூல் சரிந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மனுஷன் பேசுவதே குறைவு, அதையும் அளந்துதான் பேசுவார்.

"வெளிச்சம் போற ஓட்டை எவ்வளவு மாப்ள?"

"அறுபத்திரண்டு மில்லி மச்சான். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

"முன்னப்பின்னன்னு ஒரு அளவு எங்கிட்ட இல்ல. அறுபத்திரண்டா, இல்லையா?"

"அறுபத்திரண்டு."

ஃபோர்மேனிடம் கேட்டு, மத்தியான இடைவேளையில், பாதிப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அலுமினியத் துண்டு ஒன்றைக் கடைந்து வளையம் செய்து கொடுத்தார். லென்ஸ் அதன் முன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது பாருங்கள், சட்டத்துக்குள் கண்ணாடி உட்கார்ந்த மாதிரி, ஒரு ஆட்டம் அசைவு இல்லை.

சோதித்துப் பார்க்க ஸ்டுடியோக்காரர் தன் கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து படம் எடுத்தார். துருத்தியை முழுக்க இழுத்துவிட்டு எடுத்த படம். நாலு மூலையும் நிறைந்து, வினாடி முள்ளின் நிழல்கூடத் தெரிந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நாலு மூலையும் முழுசா வருது பாருங்க" என்று ஊரெல்லாம் காட்டினார். அந்த இடத்தில்தான் சறுக்கினார். லென்ஸ் உள்ளே அனுப்புகிற வெளிச்சம் ஒரு வட்டம். கிட்டே இருக்கிற பொருளை எடுக்க லென்ஸை ஃபிலிமிலிருந்து வெகுவாக வெளியே இழுக்க வேண்டும், அப்போது வட்டம் பெரிதாகும். தள்ளி இருப்பதை எடுக்க லென்ஸை உள்ளே கொண்டுவர வேண்டும், வட்டமும் சுருங்கிவிடும். சின்ன ஃபிலிமுக்குப் பிறந்த லென்ஸின் வட்டம் பெரிய ஃபிலிமின் மூலைகளை அப்போது எட்டாது. இது கத்துக்குட்டிக்கும் தெரிந்த பாடம். இவருக்கும் தெரியும். சந்தோஷத்தில் அது மனதுக்குள் வரவே இல்லை.

மச்சான் ஓய்வு பெறும் மாதம் அது. தொழிற்சாலையில் எல்லோரும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, பேசாத மனுஷன் வாயைத் திறந்து, "எங்க மாப்ள பெரிய ஃபிலிம்ல எடுப்பாரு. அவரக் கூப்பிடுங்க" என்றாராம். ஸ்டுடியோக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முப்பத்தெட்டுப் பேர், மூன்று வரிசை. "இன்னிக்கு மாப்பிள்ளையே நீங்கதான், நடுவுல உக்காருங்க" என்று மச்சானை இழுத்துப் பார்த்தார்கள். "நெட்டையன் நான், ஓரமா நின்னுக்கறேன்" என்று பெஞ்சில் ஏறிப் பின் வரிசையின் வலது கோடிக்குப் போய்விட்டார். கறுப்புத் துணிக்குள் ஸ்டுடியோக்காரருக்குத் தலைகீழாகத் தெரிந்த படத்தில் மூலைகள் மங்கலாக இருந்தன. பார்த்தார். பார்த்தும், தேய்த்த கண்ணாடி என்றால் ஓரம் மங்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஷட்டரை அழுத்தினார்.

பிரிண்ட் போட்டபோது முகத்தில் ஈயாடவில்லை. நாலு மூலையும் மை கொட்டினாற்போல் வளைந்து கறுத்திருந்தது. இடது கோடியில் நின்ற வாட்ச்மேனுக்குப் பாதி முகம். வலது கோடியில் மச்சானுக்குச் சட்டைப் பொத்தான்கள் இருந்தன, கை இருந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

கேமராவை வாசல் பக்கம் திருப்பி, எதிர்க் கட்டடத்தைக் கண்ணாடியில் பார்த்தார். மூலைகள் கறுப்பு. நாற்காலி ஒன்றை லென்ஸுக்கு ஒரு சாண் கிட்டே இழுத்துப்போட்டு அதைப் பார்த்தார். மூலைகள் நிறைந்தன. கடிகாரச் சோதனை பல்லை இளித்துக்கொண்டு நின்றது. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அப்போதே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், அவருக்குத் தெரியும். பிறகு அவர் செய்ததையெல்லாம் அது தெரிந்துதான் செய்தார்.

மறுநாள் படத்தோடு தொழிற்சாலைக்குப் போனார். 'லென்ஸ் பத்தல, நான்தான் சரியாப் பாக்கல' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனார். மத்தியான இடைவேளை. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு சூழ்ந்துவிட்டார்கள்.

"என்ன சார், மைக்ரான் தலையக் காணோம்?" என்றார் ஃபோர்மேன்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று ஸ்டுடியோக்காரருக்குத் தோன்றியது. இத்தனை நாள் விட்ட சவடாலெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அந்த வளையம்... ஓட்டை கொஞ்சம் சின்னதாயிடுச்சு போல. அது மறைக்குது."

"எவ்வளவு?" அந்த இடத்தில் யாரும் அளவு கேட்காமல் விட மாட்டார்கள்.

"ஒரு அரை மில்லி இருக்கும்."

வாயில் வந்த எண். வளையத்தில் அரை மில்லி குறைந்தால் மூலை கறுக்காது. அது அவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அரை மில்லி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அங்கே அது சாதாரணப் பிசகு இல்லை, தலைகுனிவு.

மச்சான் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "கேஜ் வச்சுப் பாத்தேனே" என்றார் மெதுவாக. பிறகு எல்லோர் முன்னாலும், "என் கைதான் தப்பிருக்கும். மன்னிச்சிடுங்க மாப்ள" என்றார்.

ஸ்டுடியோக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அந்த நாக்குத்தான், "அதனால என்ன மச்சான், இன்னொரு தடவை எடுத்துட்டாப் போச்சு" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னது. பதினோரு நாள் கழித்து, மச்சானின் கடைசி வேலை நாளன்று, மறுபடி எடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்கால டீ இடைவேளைக்குள் 'மைக்ரான்' போய் 'அரை மில்லி' வந்துவிட்டது. கேலிதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஆயிற்றே, சும்மா விடுவார்களா?

சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது மனைவி. அண்ணியோடு போனில் பேசிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அண்ணன் கண் டாக்டர்கிட்ட போயிருக்காரு. இவ்வளவு வருஷம் தப்பாத கை இப்பத் தப்புதுன்னா கண்ணுதான் போச்சுன்னு சொல்றாராம். கண்ணாடி வாங்கிட்டு வந்திருக்காரு."

"வயசாச்சுல்ல, கண்ணாடி எல்லாரும்தான் போடறாங்க."

"ஃபினிஷிங் வேலையத் தொடறதே இல்லையாம். எதுவானாலும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட தள்ளி விடறாராம். லேத் பக்கத்துல சும்மா உக்காந்துட்டு வர்றாராம்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவே அண்ணன் தப்பாத்தான் செஞ்சாரா?"

"மனுஷன்தானே" என்றார் ஸ்டுடியோக்காரர். சொல்லிவிட்டு, கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துபோனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மச்சானே கடைக்கு வந்துவிட்டார். புதுக் கண்ணாடி மூக்கில் சரியாக உட்காராமல் அடிக்கடி தள்ளிவிட்டுக்கொண்டார்.

"மாப்ள, அந்த வளையத்தக் கொஞ்சம் குடுங்க. ஒரு தடவை அளந்து பாத்துட்டுத் தந்துடறேன். எங்க தப்புச்சுன்னு தெரிஞ்சாத் தூக்கம் வரும்."

வளையம் கல்லா மேஜையின் இழுப்பறையில், ஒரு முழம் தள்ளி இருந்தது. கொடுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"அத நான் அப்பவே அரத்தால ராவிட்டேன் மச்சான். இப்ப அளந்து என்ன ஆகப்போகுது?"

"அப்படியா" என்றார் மச்சான். "சரி, அப்ப விடுங்க." படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நம்பாதவராகக் காலால் தடவித் தடவி இறங்கினார். முதல் பொய்க்காவது முப்பத்தெட்டுப் பேர் பார்த்த பயம் இருந்தது. இதற்கு என்ன சாக்கு இருந்தது என்று ஸ்டுடியோக்காரர் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி நாள் வந்தது. தெரிந்த இன்னொரு ஸ்டுடியோவில் கையைக் காலைப் பிடித்து அந்தக் கேமராவுக்கான சரியான லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போனார். மணி மூன்றரை. ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் மச்சானுக்கு அந்த இடத்தில் வேலை முடிந்தது. எல்லோரும் சலவைச் சட்டையில் வரிசை கட்டினார்கள். மச்சான் அதே வலது கோடியில் ஏறிக்கொண்டார்.

"இந்தத் தடவை வளையம் யாரு செஞ்சது சார்?" என்று ஃபோர்மேன் கண்ணடித்தார்.

"நான் தொடவே இல்லப்பா" என்று பெஞ்சிலிருந்து மச்சானே பதில் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஸ்டுடியோக்காரர் துணிக்குள் தலையை விட்டார். நாலு மூலையும் தெளிவாக இருந்தது. வலது கோடியில் நின்ற முகமும் தெளிவாக இருந்தது. புதுக் கண்ணாடி, அதற்குக் கீழே தலைகீழாக அந்தச் சிரிப்பு. அடிபட்ட இடத்தை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று மூடிக்கொள்கிற சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு ஷட்டரை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. துணிக்குள்ளேயே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு வெளியே வந்தார்.

"வளையத்துல தப்பில்ல" என்றார். "லென்ஸ்தான் பத்தல. நான் சரியாச் சோதிக்கல. மச்சான் மேல பழியப் போட்டேன்."

 ஃபோர்மேன் கைதட்டினார். "பெரிய மனசு சார் உங்களுக்கு! கடைசி நாள்ல மச்சான விட்டுக்குடுக்காமக் காப்பாத்தறீங்க பாருங்க." மற்றவர்களும் கைதட்டினார்கள். மச்சான்கூட, "எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்று கூச்சத்தோடு சொன்னார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொன்னதாகவும் இருக்கும், நல்ல பேரும் கிடைத்திருக்கும். அந்த ஆசை ஒரு கணம் வந்தது என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. பையைத் திறந்து வளையத்தை எடுத்து ஃபோர்மேன் கையில் கொடுத்தார்.

"அளந்து பாருங்க."

ஃபோர்மேன் சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். ஒரு பக்கம் அளந்தார், திருப்பி இன்னொரு பக்கம் அளந்தார். சிரிப்பு போய்விட்டது.

"அறுபத்திரண்டு. சுத்தமா இருக்கு. ராவிட்டேன்னு சொன்னீங்களாமே?"

"அதுவும் பொய்தான்."

மச்சான் பெஞ்சிலிருந்து இறங்கி வந்தார். அடிப்பார் என்று ஸ்டுடியோக்காரர் எதிர்பார்த்தார், அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். மச்சான் அவரைப் பார்க்கவே இல்லை. ஃபோர்மேனிடமிருந்து வளையத்தையும் வெர்னியரையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தானே அளந்தார். மூன்று தடவை அளந்தார்.

"அப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா மாப்ள?"

கோபமே இல்லை அந்தக் குரலில். சந்தோஷம்தான் இருந்தது.

"இல்ல மச்சான்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மச்சான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. "சார், ஃபினிஷிங் வேலை ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று ஃபோர்மேனிடம் கேட்டார்.

"ஷாஃப்ட் ஏழெட்டு கிடக்கு" என்றார் ஃபோர்மேன்.

மச்சான் சலவைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே ஷெட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பெஞ்சிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து அவரைப் பார்க்க உள்ளே போனார்கள். ஸ்டுடியோக்காரரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று வரிசைக் காலி நாற்காலிகளுக்கும் பெஞ்சுக்கும் எதிரே, இரவல் லென்ஸ் மாட்டிய கேமராவின் பக்கத்தில், ஐந்து மணிச் சங்கு ஊதும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார்.