எருக

சாயப்பட்டறைக்காரர் செத்த அன்று சிதையில் ஏற்றப்பட்ட அவர் மனைவி, கைக்குழந்தையாய் விட்டுவந்த மகளுக்குத் தலை நரைத்த பிறகும் வேகாமல் தெருமுனையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விறகு எப்போதோ தீர்ந்துவிட்டது. தீ மட்டும் அணையவில்லை.

ஆதியில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. கணவன் பிணத்தருகே மனைவி ஒரு நிமிடம் படுப்பாள். மந்திரம் ஓதுகிறவர் "எழுக" என்பார். கொழுந்தன் கைகொடுப்பான், அவள் எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். அவ்வளவுதான் சடங்கு. பிறகு ஒரு கிழவருக்கு வாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டது. ழகரம் வரவில்லை, "எருக" என்றார். சீடர்கள் மெத்தப் படித்தவர்கள். எருகவுக்குப் பொருள் இல்லையே என்று கூடிப் பேசி "எரிக" என்று திருத்திக்கொண்டார்கள். ஒருவனாவது கிழவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கொழுந்தன்மார்களுக்கு அந்தத் திருத்தம் ரொம்பப் பிடித்துப்போனது. இந்தக் கொழுந்தனுக்கும்தான், பட்டறை அவன் கைக்கு வந்ததே! அவள் தீக்குள்ளிருந்து, "யாராவது கையைக் குடுங்கய்யா, புள்ள பாலுக்கு அழுவுது" என்று கத்தினாள். தெருவே கும்பிட்டது. வேகாததால் கற்பு என்றார்கள், கொஞ்ச வருடம் போனதும் காதல் என்றார்கள், அப்புறம் குலப்பெருமை என்று சொல்லிக் கம்பிவேலி போட்டார்கள். நல்ல மனைவி என்று பொருள்பட்ட சதி என்ற சொல் அந்தத் தீக்குப் பெயராகி, தெய்வத்துக்கும் பெயரானது. தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் இருப்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அரசாங்கம் தடை போட்டது, தடை செய்ததைப் பார்க்கக் கூட்டம் இரட்டித்தது. அறிஞர்கள் வந்து, அவள் விரும்பி ஏறினாளா இல்லையா என்று அவள் எதிரிலேயே விவாதித்தார்கள்.

"நான் இங்கதானே இருக்கேன், என்னைக் கேளுங்களேன்" என்றாள்.

குறுக்கே பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிட்டே போனால் சாமிகுத்தம் என்று மகளைச் சின்ன வயதிலேயே சித்தப்பா மிரட்டி வைத்திருந்தார். சித்தப்பாவும் போய், முழங்காலும் போன பிறகுதான் அவளுக்குப் பொறுமை போனது. வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து கையை நீட்டினாள். சுட்டது. எடுக்கவில்லை.

"வாம்மா வீட்டுக்கு. போதும்."

"இதுக்கு இத்தனை வருஷமாடி?" என்று கேட்டுக்கொண்டே அம்மா எழுந்தாள். பட்டறைத் தெரு வழியாக இரண்டு பேரும் அழுதுகொண்டே நடந்தார்கள்.

இப்போது இருபது வயது அம்மா, எழுபது வயது மகளின் கைப்புண்ணுக்கு மருந்து போடுகிறாள், முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். காலையில் குடத்தோடு குழாயடிக்கு வருகிறாள். மாலையும் கையுமாய் எதிரே வருகிறவர்கள் அவளுக்கு வழிவிட்டு, "தண்ணி வருதாம்மா?" என்று விசாரித்துவிட்டு, ஆளில்லாத தீயைக் கும்பிடப் போகிறார்கள்.