ஐந்தாம் பிளாட்பாரத்தில் நின்றவன்

பதினொன்று முப்பத்திரண்டு.

முனிராஜ் மூன்றாவது முறையாக நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். சிவப்பு எழுத்துகள் ஓடின. வண்டியின் பெயர், வரும் நேரம் 11.40, பிளாட்பாரம் 5.

"பாத்தியா? அஞ்சு. நாம நிக்கறதும் அஞ்சு."

"எதுக்கும் யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுரலாம் மாமா," என்றாள் மேகலா. அவன் மனைவி சௌமியாவின் தங்கை. அவள் இடுப்பில் பதினாலு மாதக் குழந்தை யுவஸ்ரீ, பிஸ்கட்டைக் கடித்தபடி கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போர்டு இருக்கறப்ப ஆளை எதுக்குக் கேக்கணும்? ஆளு மறந்துடுவான். போர்டு மறக்காது."

"ஆமா, கம்பெனியில சொல்லிக் குடுத்திருக்கானுங்க. கக்கூஸுக்குப் போறதுக்கும் மஞ்சக் கோட்டு மேலயே நடக்கற ஆளாச்சே நீங்க."

முனிராஜ் சிரிக்கவில்லை. இன்று சிரிக்கிற நாள் இல்லை.

சௌமியா துணை ராணுவப் படையில் கான்ஸ்டபிள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாளே பணிக்குத் திரும்பியவள். எட்டு மாதமாகிவிட்டது. இருந்த முகாமில் சிக்னல் கிடையாது. வீடியோவில் முகம் வந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் உறைந்துவிடும். இப்போது அவளுடைய படைப்பிரிவை வடகிழக்குக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த லீவு எப்போதென்று அவளுக்கே தெரியாது. போகிற வழியில் பெங்களூரின் இந்தப் பெரிய ஸ்டேஷனில் வண்டி பத்து நிமிடம் நிற்கும்.

அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் காலை எட்டு மணிக்கே ஜூஜுவாடியில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி நெரிசலில் முக்கால் மணி நேரம் வெந்து, இங்கே வந்து நின்றார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. வார்த்தை எதுவும் வரவில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டு. செல்போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" சௌமியா கத்தினாள். "வண்டி நின்னு ரெண்டு நிமிஷம் ஆச்சு!"

முனிராஜ் எதிரே காலியாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தான். "வண்டியே வரலியே சௌமி. அஞ்சுலதான் நிக்கறோம்."

"நான் வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டுத்தானே பேசறேன்!"

"எந்த பிளாட்பாரம்?"

"நம்பரே காணோங்க. தூணுக்கெல்லாம் புது பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கானுங்க. எதுத்தாப்ல பார்சல் மூட்டை குமிஞ்சு கெடக்கு, பச்சைத் தார்ப்பாய் போட்டு. இன்ஜினுக்கு அடுத்து ரெண்டாவது பெட்டி. எங்களை எறங்கி எங்கயும் போகக் கூடாதுன்னுட்டாங்க. சீக்கிரம் வாங்க."

லைன் அறுந்தது.

"பச்சைத் தார்ப்பாய்!" மேகலா விரல் நீட்டினாள். இரண்டு பிளாட்பாரங்களுக்கு அப்பால், நின்றிருந்த ஒரு வண்டியின் இடைவெளியில், பச்சையாக ஏதோ தெரிந்தது.

ஓடினார்கள்.

நடைமேம்பாலத்தின் உச்சியில் ஓர் அம்புக்குறி. 6, 7, 8, வலது பக்கம். முனிராஜ் வலது பக்கம் பாய்ந்தான். முப்பது அடி ஓடியதும் பாதை முடிந்தது. குறுக்கே தகரம். அதற்குப் பின்னால் சிமென்ட் மூட்டைகள். பாதை மூடப்பட்டது என்று ஒரு வரி இல்லை, எந்த மொழியிலும்.

"அம்பு போட்டிருக்கு! இந்தப் பக்கம்தான் போட்டிருக்கு!" தகரத்தை அறைந்தான்.

மேகலா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. சுமை தூக்கும் ஒருவரை மறித்துக் கன்னடத்தில் கேட்டாள். அவர் நிற்காமலே, தலையில் இரண்டு பெட்டியோடு, பதில் சொல்லிவிட்டுப் போனார்.

"எட்டாம் நம்பர் மாமா! காலையிலயே மாத்திட்டாங்களாம், மைக்குல சொன்னாங்களாம்! திரும்பி அந்தக் கோடி வரைக்கும் போயி எறங்கணும்!"

அந்தக் கோடி வெகு தூரம். எதிரே ஒரு வண்டிக் கூட்டம் மொத்தமும் ஏறி வந்துகொண்டிருந்தது. பெட்டி, பை, குடம், முழங்கை. குழந்தை அழத் தொடங்கியது.

பதினொன்று ஐம்பது.

எட்டாம் பிளாட்பாரத்தின் வால்பக்கம் அவர்கள் இறங்கியபோது வண்டி அசைந்தது. மெல்ல, சத்தமில்லாமல். இன்ஜின் இருபது பெட்டிகளுக்கு அப்பால் இருந்தது.

"அக்கா!" மேகலாவின் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

முனிராஜ் வேலை பார்ப்பது சிப்காட்டில், வண்டி பாகங்கள் பூட்டும் தொழிற்சாலையில். அங்கே ரெண்டே சட்டம். போர்டு சொல்வதைச் செய். எங்காவது தப்பு நடந்தால், தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழு. மொத்த லைனும் நிற்கும். இழுத்தவனை யாரும் திட்டக் கூடாது. அவன் கையை உயர்த்தியபடி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்து ஓடி வருவார். முதலில் நன்றி சொல்வார். பிறகுதான் என்ன தப்பு என்று கேட்பார். ஒன்பது வருடத்தில் முனிராஜ் பதினேழு தடவை இழுத்திருக்கிறான்.

கடைசிப் பெட்டியின் கம்பியைப் பற்றித் தொற்றி ஏறினான். சிவப்புக் கைப்பிடி கண்ணில் பட்டது. இழுத்தான்.

பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். வண்டி நின்றது.

"ஓடு மேகலா! முன்னாடி ஓடு! ரெண்டாவது பெட்டி!"

குழந்தையைத் தோளில் அழுத்திக்கொண்டு அவள் ஓடினாள்.

அவனும் குதித்து ஓடியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவன் வலது கை தானாக மேலே போயிருந்தது. ஒன்பது வருடத்துப் பழக்கம். கையை உயர்த்தியபடி கைப்பிடிக்குக் கீழேயே நின்றான்.

"யோவ், நீயா இழுத்தே?" மேல்பெர்த்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "எதுக்குய்யா கையத் தூக்கிட்டு நிக்கறே? கிறுக்கா ஒனக்கு?"

கையை இறக்க வேண்டும் என்று அவனுக்கு உறைத்தபோது, இரண்டு காக்கிச்சட்டைகள் அவன் தோளைப் பற்றியிருந்தன. நன்றி சொல்ல யாரும் வரவில்லை.

"சார், முன்னாடி பெட்டியில என் வீட்டுக்காரி. ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துர்றேன் சார்."

"நட!"

ஏழு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. ரயில்வே போலீஸ் அறையின் ஜன்னல் வழியே அதன் கடைசிப் பெட்டி மட்டும் தெரிந்தது.

எஸ்.ஐ. கன்னடக்காரர். தமிழ் தெரிந்தவர். அவன் செல்போனை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"காரணம் சொல்லு."

"போர்டு தப்பு சார். அஞ்சுன்னு போட்டிருந்தான்."

"அது காரணம் ஆகாது. நீ நிறுத்தினது ஒரு வண்டின்னு நெனைச்சியா? பின்னாடி ரெண்டு வண்டி வெளிய நிக்குது. அதுல ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறவனா இருந்தா?"

முனிராஜ் தலை குனிந்தான்.

"செயின் இழுத்தவன் ஓடிருவான். இருபது வருஷ சர்வீஸ்ல, கையத் தூக்கிட்டு நின்னவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்." எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை. கேஸ் எழுதினார். பதினேழாம் தேதி கோர்ட்டுக்கு வர வேண்டும் என்றார்.

மேகலா குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பாத்தாளா?" என்றான்.

"பாத்துட்டா. மொதல்ல பாப்பா பயந்து கத்துச்சு மாமா, யாரோன்னு. அக்கா பெட்டி வாசல்லயே எறங்கி நின்னு தொப்பியைக் கழட்டினா. அப்புறம் உத்துப் பாத்துச்சு. கீழ நிறுத்தினேன். நாலு அடி வெச்சு, அக்கா பூட்ஸ் மேலயே விழுந்துச்சு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உங்களைக் கேட்டா. பின்னாடி வர்றாருன்னேன். நீங்கதான் இழுத்தீங்கன்னு சொல்லல. சொன்னா போற எடத்துல தூங்குவாளா? வண்டி எடுக்கற வரைக்கும் பின்பக்கமே பாத்துக்கிட்டு நின்னா."

மேஜைமேல் செல்போன் துடித்தது. எஸ்.ஐ. அதைப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. அவன் பக்கம் தள்ளினார்.

'பாப்பா நடந்து வந்துருச்சுங்க. எவனோ ஒரு மகராசன் செயினை இழுத்தான். இல்லன்னா பாத்திருக்கவே முடியாது. அவன் குடும்பம் நல்லாருக்கட்டும். நீங்க எங்க நின்னுட்டீங்க? உங்களைத்தான் பாக்கல.'

முனிராஜ் ரெண்டு தடவை படித்தான். வெளியே ஸ்பீக்கர் கரகரத்தது. அடுத்த வண்டி எதற்கோ அறிவிப்பு. குழந்தை மேகலாவின் தோளிலேயே தூங்கியிருந்தது.

அவன் விரல்கள் மெதுவாக நகர்ந்தன.

'போர்டைப் பாத்து அஞ்சாம் பிளாட்பாரத்துலயே நின்னுட்டேன் சௌமி. நீ பத்திரமாப் போ.'

"என்ன எழுதினே?" என்றார் எஸ்.ஐ.

"எங்க நின்னேன்னு கேட்டா சார்," என்றான் முனிராஜ். "சொன்னேன்."